முனைவு என்ற சொல்

அவரிடம் யாரும் எதையும் "எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. புதிதாக வந்தவர்கள் ஒருமுறை கேட்பார்கள். அதோடு சரி.

எழுபதுகளின் நடுவில், வண்டிப்பெரியாரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் வேதியியல் ஆசிரியை, நான் தமிழ் ஆசிரியை. கணக்கு சார் தன் முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. ஒருவர் அப்பா ஜாடை என்றார், ஒருவர் மூக்கு அம்மாவுடையது என்றார். குழந்தை கைமாறி அவரிடம் போனது. நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இன்னும் யாரு சாடையும் வரலீங்க சார்" என்றார். கணக்கு சார் குழந்தையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குழந்தை பள்ளிக்கு வந்தபோதெல்லாம் அவருடைய மேசையை மட்டும் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போயிற்று.

மனதில் வன்மம் எதுவும் கிடையாது. உண்மையில்லாத ஒரு சொல் அவருடைய வாயில் வராது, அவ்வளவுதான். வாய்தவறியும் வராது.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியை நாங்கள் இருவரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். எனக்கு இருபத்தைந்து வயது. பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் எனக்குத் தற்காலிக வேலைதான். அவருக்குச் சொந்த ஊர் கொல்லங்கோடு. வயல், தோப்பு, மாடு கன்று உள்ள குடும்பம். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். குடிவந்த முதல் நாள் நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"டீச்சர்னே கூப்பிடுங்க. அக்கான்னு கூப்பிட்டா அக்கா மாதிரி நடந்துக்கோணும். எனக்கு அது வருமான்னு தெரியலீங்க."

அன்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு பழகிவிட்டது.

ஒரு நேந்திரம்பழத்தை இரண்டாக வெட்டினால் நம்மில் பெரும்பாலோர் பெரிய துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு "ரெண்டும் ஒண்ணுதான்" என்போம். அவர் இரண்டையும் பார்ப்பார். "இது கொஞ்சம் பெருசுங்க. நீங்க எடுத்துக்கறீங்களா, நான் எடுத்துக்கட்டுமா?" என்பார். பசித்த நாளில் "எனக்குப் பசிக்குது, நானே எடுத்துக்கறேன்" என்று எடுத்துக்கொள்வார். முதல் மாதம் இது எனக்கு அநாகரிகமாகப் பட்டது. ஒரு வருடம் கழித்து லயத்துக்குப் போனபோது, சித்தி என் தட்டில் மீன் துண்டை வைத்து "நான் சாப்பிட்டாச்சு" என்றாள். அவள் சாப்பிடவில்லை என்று தெரிந்தும் நான் சாப்பிட வேண்டியிருந்தது. அப்போது மாடி வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது. அங்கே எனக்குக் கிடைத்தது எதுவும் யாருடைய வயிற்றிலிருந்தும் திருடியதாக இருந்ததில்லை.

ஒருமுறை டைபாய்டு வந்து கிடந்தேன். பார்க்க வந்த எல்லோரும் இரண்டு நாளில் எழுந்துவிடுவாய் என்றார்கள். நான் அவரைக் கேட்டேன்.

"பொழைச்சுக்கிடுவேனா டீச்சர்?"

"தெரியலீங்க. காய்ச்சல் இன்னும் இறங்கலை."

அதைச் சொல்லிவிட்டு ஒன்பது நாள் விடுப்பு எடுத்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்தாம் நாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "இப்பக் கேளுங்க" என்றார். நான் கேட்கவில்லை. அழுதேன். அவர் எழுந்துபோய்க் கஞ்சி வைத்தார்.

அவருக்குக் கல்யாணம் ஆகாத கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது சொன்னார், பஸ் தவறிய கதையைச் சொல்வதுபோல. பொள்ளாச்சிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்களாம். பையனைப் பிடித்திருக்கிறதா என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டிருக்கிறார். "இன்னும் ஒரு வார்த்தை பேசலீங்களே, எப்படித் தெரியும்?" என்றிருக்கிறார் இவர். வேலையை விட்டுவிடுவாயா என்று கேட்டதற்கு, "இப்ப விடமாட்டேன். அப்புறம் எப்படியோ தெரியாது." அவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா உன்ற கல்யாணம் முடிஞ்சிருக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்று சேலையை உதறினார். "முடிஞ்சிருக்கும்தானுங்க."

வருத்தமா என்று கேட்டேன். "சில நாளைக்கு" என்றார்.

ஆசிரியர் அறையில் அவருக்கென்று யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டை ஜன்னலோரம் தனியாகச் சாப்பிடுவார். நான் போய் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் தருவார். உட்காராவிட்டால் கூப்பிட மாட்டார். மாலையில் தேயிலைச் சரிவு முழுக்க மூடுபனி இறங்கி எதிர்க்கடை விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும்போது, மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். என்ன யோசனை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அந்தப் பக்கத்துத் தோட்ட முதலாளிகள் சிலர் சேர்ந்து, தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஆண்டுக்கு ஒரு தேர்வு நடத்தி வந்தார்கள். முதலாவதாக வருகிற பிள்ளைக்குக் கல்லூரியில் பிரீ-டிகிரி படிக்க எல்லாச் செலவும் தருவார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் தயாராகும். தமிழில் எழுதுகிற பிள்ளைகளுக்கு அதை யாராவது மொழிபெயர்க்க வேண்டும். அந்த வருடம் ஜனவரியில் மலையாளியான ஹெட்மாஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தாள்களைக் கொடுத்தார். யாருக்கும் தெரியக்கூடாது என்றார். என் வேலையை நிரந்தரமாக்கும் சிபாரிசு அவருடைய மேசையில்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

வேதியியல் கேள்வி ஒன்றில் 'போலார்' என்ற சொல் எனக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை சமையலறையில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான் என்று பொய் சொல்லி அவரிடம் அதைக் கேட்டேன்.

அவருடைய முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைக்கச் சொன்னார். இரண்டு தகர டப்பாக்களின் அடியில் ஆணியால் துளை போட்டார். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். இரண்டும் நூல்போல ஒழுகத் தொடங்கின. கொண்டையை அவிழ்த்துப் பிளாஸ்டிக் சீப்பால் பத்துப் பன்னிரண்டு தடவை வாரினார்.

"மழைக்காலத்துல இது நடக்காதுங்க. காத்துல ஈரமிருந்தா சீப்புல மின்னேற்றம் நிக்காது. இப்பப் பாருங்க."

சீப்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நேராக விழுந்துகொண்டிருந்த நீர்நூல் வளைந்து சீப்பை நோக்கி வந்தது. மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அது பாட்டுக்கு நேராக விழுந்தது.

"ரெண்டு அணு சேரோணும்னா அணுவுக்கு ஒரு எலக்ட்ரானைப் பொதுவுல வெக்கோணும். அந்த ஜோடி ரெண்டுக்கும் பொது. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தா ரெண்டுக்கும் ஒரே இழுப்பு. ஜோடி நட்டநடுவுல நிக்கும். ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்தா குளோரினுக்கு இழுப்பு அதிகம். ஜோடி அந்தப் பக்கம் சாஞ்சு நிக்கும். போயிடாதுங்க, சாயும். அதனால குளோரின் பக்கம் கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். ரெண்டு முனை வந்துருச்சுங்களா? தண்ணியும் அப்படித்தான். ஆக்ஸிஜன் பக்கம் சாய்வு. அதனாலதான் சீப்புக்குத் திரும்புது. மண்ணெண்ணெயில கார்பனும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்ட ஒரே இழுப்பு. அங்கெ முனையே இல்லைன்னு வெச்சுக்கலாம்."

"அப்பம் குளோரின் பேராசக்காரன்னு சொல்லுங்க" என்றேன் நான்.

"அதுக்கு ஆசை ஏதுங்க? ஹைட்ரஜன் ஏமாந்ததும் இல்லை, குளோரின் பிடுங்கினதும் இல்லை. மனுசங்களைக் கொண்டுபோய் அங்கெ வெக்கக்கூடாதுங்க. ரெண்டும் பிடிச்சிருக்குது, ஒரு பக்கம் அதிகம். அவ்வளவுதான்."

பாடப்புத்தகத்தில் 'துருவம்' என்று இருப்பதாகவும், வட துருவம், தென் துருவம் என்று பிள்ளைகள் குழம்புவதாகவும் சொன்னார். அதனால் தன் வகுப்பில் 'முனைவு' என்ற சொல்லையே பழக்குகிறாராம். முனைவுள்ள பிணைப்பு, முனைவற்ற பிணைப்பு. தமிழ் ஆசிரியையான எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அதையே எழுதினேன்.

ஆனால் தவறாக எழுதினேன். ஆங்கிலத் தாளில் 'நான்-போலார்' என்ற சொல் உடைந்து, 'அற்ற' என்று பொருள் தரும் 'நான்' ஒரு வரியின் கடைசியிலும் 'போலார்' அடுத்த வரியின் தொடக்கத்திலும் இருந்தது. அவசரத்தில் முதல் துண்டை என் கண் தாண்டிவிட்டது. முனைவற்ற பிணைப்பு உள்ளவை எவை என்று கேட்க வேண்டிய இடத்தில், முனைவுள்ள பிணைப்பு உள்ளவை எவை என்று என் தாள் கேட்டது.

ஏப்ரலில் முடிவு வந்தது. எங்கள் பள்ளியின் பேச்சியம்மா இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாமிடம். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கின் மகன் முதலிடம். அவன் ஆங்கிலத்தில் எழுதியவன். பேச்சியம்மா கேள்வித்தாளை நோட்டுக்குள் மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தாள்.

"டீச்சர், இந்தக் கேள்விக்கு எனக்கு முட்டை போட்டுட்டாவ. நான் தப்பா எழுதிட்டனா?"

அவர் தாளை வாங்கிப் படித்தார். "என்ன எழுதினே?"

"ஹைட்ரஜன் குளோரைடு, தண்ணி."

"கேட்டதுக்குச் சரியாத்தான் எழுதியிருக்கறே." பிறகு ஆங்கிலத் தாளைத் தேடி வாங்கி வந்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 'முனைவுள்ள' என்ற சொல்லின் மேல் அவருடைய விரல் நின்றது. பின்பு என்னைப் பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியை மறுபடியும் களைந்தேன்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அறையில் நாங்கள் ஆறு பேர். ஹெட்மாஸ்டர், முதலாளிகள் சார்பில் வந்த ஒருவர், பேச்சியம்மா, வேலைக்குப் போகாமல் வந்திருந்த அவளுடைய அம்மா, அவர், நான். தமிழ்க் கேள்வி தவறு, பேச்சியம்மாவுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்று அவர் சொன்னார். வந்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்தச் சொல் பாடப்புத்தகத்திலேயே இல்லையே, இதற்கு இதுதான் பொருள் என்று யார் சொல்வது என்று கேட்டார்.

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "தமிழ் டீச்சர் நீங்களாக்கும். நீங்க பறயணும். இது போலாரா, நான்-போலாரா?"

ஹெட்மாஸ்டருக்குத் தெரியும் இதை எழுதியது நான்தான் என்று. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். லயத்தில் அம்மாவின் வெடித்த விரல்கள், நிரந்தரம் ஆகப்போகிறது என்று நான் ஊருக்கெல்லாம் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன.

"புத்தகத்துல இல்லாத சொல்லு சார். இதுதான் பொருள்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு மாதிரியும் எடுத்துக்கலாம்" என்றேன்.

"இல்லீங்க" என்றார் அவர். குரல் உயரவில்லை. "எடுத்துக்க முடியாதுங்க."

"தமிழ் டீச்சர் அவங்களல்லோ" என்று ஹெட்மாஸ்டர் தாளை மடித்தார். பேச்சியம்மாவின் அம்மா எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். என்னையும் பார்த்துத்தான் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"முனைவுன்னா என்னன்னு இந்த அடுப்படியிலதானுங்க சொன்னேன்."

கேள்வித்தாளை எழுதியது நானா என்று அவர் கேட்கவில்லை. பள்ளியில் யாரிடமும் சொல்லவும் இல்லை. கண்ணால் பார்க்காததைச் சொல்வது அவருடைய வழக்கமில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் அதே வீட்டில் இருந்தோம். கோடை விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. குழம்பு கொதிக்கும் சத்தமும் கீழே கடையில் தராசுத் தட்டு இறங்கும் சத்தமும்தான் வீட்டில் கேட்டன. பழத்தை வெட்டினால் முன்போலவே எது பெரியது என்று சொன்னார். தேவையான சொற்களைச் சொன்னார். அவருடைய கோபத்தை நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அது வந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜூன் தொடக்கத்தில், பள்ளிக்குப் போகும் வழியில் கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் வரிசையில் பேச்சியம்மாவைப் பார்த்தேன். தலையில் சாக்கு போட்டிருந்தாள். கூடையின் பட்டை நெற்றியில் பதிந்திருந்தது. "டீச்சர்!" என்று சிரித்தாள்.

நான் நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். கேள்வி தவறு, எழுதியது நான், எழுதித் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கல்லூரி அட்மிஷன் எல்லாம் கழிஞ்சு போச்சு டீச்சரே. இனி எழுதி எந்தாகும்?" என்றார். ஆனாலும் எழுதினேன். இரண்டு பக்கம். முதலாளிகள் விஷயம் வெளியே போக வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பேச்சியம்மாவுக்குத் தனியாக ஒரு இடம் தந்தார்கள். ஒரு வருடம் அவள் கொழுந்து பறித்தாள். என் வேலைக்கு ஒன்றும் நேரவில்லை. செப்டம்பரில் நிரந்தரமாயிற்று. எதைக் கண்டு பயந்தேனோ அது அங்கே இருக்கவேயில்லை.

பேச்சியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, அதுக்கென்ன டீச்சர், பரவால்ல" என்று உடனே சொல்லிவிட்டாள். நல்ல பெண். அவள் சொன்னது உண்மையா, மரியாதைக்கா என்பதை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் எழுதிக்கொடுத்த பத்து நாளில் அவருக்குக் கொல்லங்கோட்டுப் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. கேட்டு வாங்கியதா, யாராவது தள்ளியதா என்று கேட்டேன். "ரெண்டு வருசம் முன்னாடி கேட்டிருந்தேன். இப்பத் தந்திருக்கறாங்க. ஏன் இப்பன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, புத்தகக் கட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. குமுளி போகும் பஸ்ஸுக்காக நின்றோம்.

"டீச்சர், என்னய மன்னிச்சிருங்க" என்றேன்.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். அவர் யோசித்தார். பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. அதுவரை யோசித்தார்.

"நீங்க எழுதிக்கொடுத்தது நல்லதுங்க. ஆனா நீங்க கேக்கறது எனக்கு இன்னும் ஆகலை. ஆச்சுன்னா எழுதறேன்."

பெட்டியை மேலே ஏற்றினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மாடிக்குத் திரும்பி வந்தேன். வாடகை எனக்கு மட்டும் அதிகம்தான். ஆனாலும் வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. வாழைப்பழத்தை முழுதாகவே தின்றேன்.

முதல் வருடம் தபால்காரரை வழியிலேயே நிறுத்திக் கேட்பேன். இரண்டாம் வருடம் கேட்பதை விட்டேன். மூன்றாம் வருடம் பிப்ரவரியில் ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. புதுப் பள்ளியில் ஆய்வகம் சிறியது என்றும், அம்மா போன மழையில் இறந்துவிட்டார் என்றும், தம்பி குடும்பத்தோடு இருப்பதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி தனியாக இருந்தது: 'அன்று பஸ் நிலையத்தில் நீங்கள் கேட்டது போன வாரம் ஆயிற்று. எப்படி என்று தெரியவில்லை. சொல்கிறேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.'

எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. மே மாதம் கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று நாலு பஸ் மாறிக் கொல்லங்கோடு போனேன். கரும்பனைகளுக்கு அப்பால் தென்மலை நீலமாக நின்றது. வீட்டின் பக்கவாட்டில் தனியாக ஒரு அறை, தனியாக ஒரு வாசல். அங்கே அவர் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. தம்பி மனைவி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தம்பி பிள்ளைகள் வாசல்வரை வந்தார்கள், உள்ளே வரவில்லை.

அதிகம் பேசவில்லை. பேச்சியம்மா நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டிருப்பதைச் சொன்னேன். "நல்லதுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்து, "இளைச்சுட்டீங்க" என்றார். சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தார். வயல் வரப்பில் அவர் முன்னால், நான் பின்னால்.

"மறுபடி வரட்டுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

நின்று திரும்பினார்.

"வாங்க. ஆனா அடிக்கடி வேண்டாங்க. ஆளு வந்துட்டுப் போனா அப்புறம் நாலஞ்சு நாளைக்கு இந்த ரூம்புல தனியா இருக்க எனக்கு ஆக மாட்டேங்குது. வருசத்துக்கு ஒருக்கா வந்தீங்கன்னா சந்தோசமா இருக்குமுங்க."

அதன் பிறகு அவர் இருந்தவரை ஒவ்வொரு மே மாதமும் போனேன். டிசம்பரிலும் போக வேண்டும்போல இருந்த வருடங்கள் உண்டு. போகவில்லை.